கீபோர்டைக் குறை சொல்லலாமா?

"கீபோர்டு போச்சு!" என்ற கூக்குரல், கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகைக்கு முந்தின நாள் நம் இசை அறையில் எழுந்தது. கடைசியாக அதைத் தொட்டவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. எல்லோர் கண்ணும் அவள்மீது பாய்ந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்க்க வேண்டும், செலவை அவள் வீட்டார்தாம் ஏற்க வேண்டும் என்றெல்லாம் பேச்சு எழ, அவள் அழுதுகொண்டே போய்விட்டாள்.

ஆனால் கீபோர்டு கெடவே இல்லை.

தோழியரே! நம் அறையில் இருப்பது ஆர்மோனியம் போலத் தானே ஒலிப்பதன்று. அது 'மிடி' கீபோர்டு. எந்தக் கட்டையை எவ்வளவு விசையோடு அழுத்தினோம் என்ற செய்தியை எண்களாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதே அதன் வேலை. நடு 'சி' கட்டைக்கு எண் 60. ஒலியை எழுப்புவது கம்ப்யூட்டரில் உள்ள இசை மென்பொருளாகும். வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுடாரோ ககேஹாஷியும் முன்னின்று 1983-இல் இம்முறையைக் கொண்டுவந்தனர். 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. இத்தனை பெருமையுடைய ஏற்பாடு, ஒரு சிறுமியின் விரல் பட்டா கெட்டுவிடும்?

நம் பாடகர் குழு 'மியூஸ்ஸ்கோர்' மென்பொருளில் நான்கு குரல்களுக்கும் இசைக்குறிப்பு எழுதுகிறது. ஆண்டு விழா நடனக் குழுவோ 'எல்.எம்.எம்.எஸ்.' மென்பொருளில் தாளம் அமைக்கிறது. இரண்டுக்கும் கீபோர்டு ஒன்றே. விண்டோஸின் பழைய முறைப்படி, முதலில் திறந்த மென்பொருள் கீபோர்டைப் பிடித்துக்கொண்டால் அடுத்ததற்கு அது கிடைக்காது. (ஆப்பிள் கம்ப்யூட்டரில் இத்தொல்லை இல்லை, பல மென்பொருள்கள் ஒரே கீபோர்டைக் கேட்கலாம்.) தலைமடையில் வாய்க்காலை மறித்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைமடைக்காரர்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே!

அன்று மறித்தது நடனக் குழு. மென்பொருளை மூடாமல், திரையின் அடியில் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தோம். ஆம், அக்குழுவில் நானும் ஒருத்தி. அதை மூடிவிட்டு மியூஸ்ஸ்கோரை மறுபடி திறந்தவுடன் 'சி' கணீரென்று ஒலித்தது.

வேறு காரணங்களும் உண்டு. வயரை வேறொரு யு.எஸ்.பி. துளையில் செருகினால், சில வேளை விண்டோஸ் அதைப் புதிய கருவியென எண்ணிப் பெயருக்கு முன் '2' சேர்த்துவிடும். மென்பொருளோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். மிடியில் 16 சேனல்கள் உள்ளன. கீபோர்டு ஒரு சேனலில் பேச, மென்பொருள் வேறொன்றுக்குச் செவிசாய்த்தாலும் மௌனந்தான். இவற்றில் எதற்கும் திருப்புளி தேவையில்லை, தஞ்சாவூர் பஸ்ஸும் தேவையில்லை.

குழுவுக்கொரு கீபோர்டு வாங்கிவிடலாம் என்கின்றனர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். திறந்தவள் பெயர், மென்பொருள், மூடிய நேரம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் இடட்டும். கடைசியாகத் தொட்டவள் யார் என்று தேடுவதை விட்டு, மூடாமல் போனவள் யார் என்று அதில் பார்க்கலாம்.

மறுநாள் ஒத்திகை நடந்தது. அவள் வரவில்லை. மாலையில் நாங்கள் இருவர் உண்மையைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனோம். நாங்கள் வாய் திறக்குமுன் அவள் அம்மா கேட்டார்: "எவ்வளவும்மா கட்டணும்?"