முந்தி வாங்கியவர்கள் கற்ற பாடம்

புதிய சாதனம் ஒன்று கடைக்கு வந்துவிட்டால், நண்பர்களுக்கு முன்பே அதை வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை மாணவர்களிடம் அதிகமாகவே இருக்கிறது. ஜித்ரா பொலிடெக்னிக்கிலும் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்திலும் பயிலும் நம் பிள்ளைகளில் தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்து வருபவர்களும் உண்டு. அவர்களுடைய மடிக்கணினிக்குப் பின்னால் பெற்றோரின் பல மாதச் சேமிப்பு இருக்கும். எனவே விலையைப் பார்ப்பதோடு, அந்தச் சாதனம் எந்தத் தரநிலையைப் பின்பற்றுகிறது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

தரநிலை என்பது தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு. ஒரு நிறுவனத்தின் வட்டு இன்னொரு நிறுவனத்தின் கருவியில் ஓடுவதற்கு அதுதான் காரணம். அந்த உடன்பாடு முடிவாகும் முன்பே பணத்தைக் கொடுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை உயர்தெளிவு வட்டுகளின் கதை காட்டுகிறது.

ஒரே தமிழ்ப் படத்தை இரண்டு மூன்று விசிடிகளாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த காலம் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். பிறகு டிவிடி வந்தது. 2006இல் அதற்கு அடுத்த தலைமுறையாக இரண்டு வட்டுகள் போட்டிக்கு வந்தன. தோஷிபா முன்னின்றது எச்டி டிவிடி. சோனி முன்னின்றது புளூ-ரே. இரண்டும் நீல ஊதா லேசரைத்தான் பயன்படுத்தின. ஆனால் ஓர் அடுக்கில் முன்னது 15 கிகாபைட், பின்னது 25 கிகாபைட் கொண்டது. ஒன்றுக்கென்று செய்த கருவியில் மற்றதன் வட்டு ஓடாது. ஹாலிவுட் நிறுவனங்களும் இரு அணிகளாகப் பிரிந்து நின்றன.

2008 ஜனவரி 4ஆம் நாள், வார்னர் நிறுவனம் இனி புளூ-ரே பக்கம் மட்டுமே நிற்கப்போவதாக அறிவித்தது. அடுத்த 46 நாளில், பிப்ரவரி 19 அன்று, தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. அந்தக் கருவியை வாங்கியவர்களுக்குப் புதுப் படங்கள் வருவது நின்றுபோனது.

அப்படியானால் புளூ-ரே வாங்கியவர்கள் தப்பித்தார்களா? முழுமையாக இல்லை. அமெரிக்காவில் 2006 ஜூனில் வந்த முதல் புளூ-ரே கருவியின் விலை ஏறக்குறைய 1,000 டாலர். அன்றைய மதிப்பில் 3,500 ரிங்கிட்டுக்கும் மேல். ஆனால் தரநிலை அப்போது பாதியில்தான் இருந்தது. படம் ஓடும்போதே மூலையில் இன்னொரு சிறு படத்தைக் காட்டும் வசதி, 2007 நவம்பர் 1க்குப் பிறகு வெளியான புதிய கருவிகளில்தான் கட்டாயமானது. இணையத்தோடு இணையும் வசதி அதற்கும் அடுத்த படியாக வந்தது. முதலில் வாங்கியவர்களால் படத்தைப் பார்க்க முடிந்தது. இந்தக் கூடுதல் வசதிகள் கிடைக்கவில்லை. இரண்டாவது படத்தைக் காட்டும் சில்லும் போதிய நினைவகமும் இல்லாத கருவியில், மென்பொருளை எத்தனை முறை புதுப்பித்தாலும் அவை வந்துவிடா.

அதே காலத்தில் பிளேஸ்டேஷன் 3 வாங்கியவர்கள் நிலை வேறு. அதில் வலுவான செயலி, வன்தட்டு, இணைய இணைப்பு எல்லாம் முதலிலேயே இருந்தன. ஆகவே மென்பொருளைப் புதுப்பித்தே 2008க்குள் அது இரண்டு படிகளையும் எட்டியது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வசதிகளை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்கியிருந்தது எச்டி டிவிடிதான். முழுமையான தரநிலையே தோற்றது. தொழில்நுட்பம் நன்றாக இருக்கிறது என்பது மட்டுமே வெற்றியை முடிவு செய்வதில்லை. யார் யார் அதை ஏற்கிறார்கள் என்பதும் முடிவு செய்கிறது.

இது தூரத்து நாட்டுச் செய்தி என்று ஒதுக்க வேண்டாம். நம் கெடா மாநிலத்தின் லங்காவியில்தான் 2019 ஜூலையில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நாட்டிலேயே முதலில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபருக்குள் மலேசியா முழுவதும் டிவிபி-டி2 என்ற இலக்கமுறைக்கு மாறியது. அதற்கு முந்திய டிவிபி-டி ஏற்பி மட்டுமே உள்ள தொலைக்காட்சி, பெயரளவில் இலக்கமுறைதான் என்றாலும், புதிய அலையைப் பிடிக்காது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. மற்றவர்கள் தனியாக வாங்க வேண்டியிருந்தது. 2021 இறுதியில் 3ஜி சேவையும் நிறுத்தப்பட்டது.

இன்று மாணவர்களைத் தொடுவது மடிக்கணினி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் குறிப்பிட்ட செயலிகளும் தேவை. பழைய கணினி மலிவாகக் கிடைக்கிறதே என்று இதைக் கேட்காமல் வாங்கினால், புளூ-ரே வாங்கியவர்களின் கதைதான் நமக்கும்.

எல்லாரும் காத்திருந்தால் புதியது எப்படி வளரும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதலில் வாங்குகிறவர்களால்தான் உற்பத்தி பெருகி, விலையும் இறங்குகிறது. ஆனால் அந்தச் சோதனைக்கான செலவை, நட்டத்தைத் தாங்கக்கூடியவர்கள் ஏற்கட்டும். கல்விக் கடனில் படிக்கும் மாணவர் ஏற்க வேண்டியதில்லை.

கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இதே தரநிலையில் வேறு எத்தனை நிறுவனங்கள் பொருள் செய்கின்றன? இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு தருவதாக நிறுவனம் எழுத்தில் சொல்கிறது. அதை ஏற்க நினைவகமும் செயலியும் போதுமா? இந்தச் சாதனம் நாளை நின்றுபோனால், இதில் இருக்கும் என் பாடக் குறிப்புகளும் படங்களும் வேறொன்றில் திறக்குமா? விற்பனையாளரிடமும் இவற்றைக் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால், அந்தப் பணம் இன்னும் சில மாதங்கள் வங்கியிலேயே இருக்கட்டும்.