பிசினஸ் கிளாஸ் சீட் சாயலையா? தஞ்சாவூரிலேயே கேஸ் போடலாம்

தஞ்சாவூர்க்காரங்க ஃப்ளைட் ஏற திருச்சிக்கோ சென்னைக்கோ போகணும். ஆனா ஏர்லைன் மேல வழக்குப் போட ஊரை விட்டு நகர வேண்டாம்.

போலீஸ் உயரதிகாரி ரவி குப்தாவும் மனைவியும் 2023 மே மாதம் ஹைதராபாத்தில் இருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறந்தனர். பிசினஸ் கிளாஸ் சீட் தானாகச் சாயவில்லை. 97,500 ரூபாயைத் திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு 1 லட்சம் தரவும் 2024-ல் நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது.

உயரதிகாரிக்கு மட்டுமான உரிமை இல்லை இது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் யாரும் வழக்குப் போடலாம். கும்பகோணத்துக்காரருக்குத் தஞ்சாவூர் ஆணையமே போதும். போர்டிங் பாஸ், சீட் போட்டோ, அனுப்பிய மெயில் மூணையும் பத்திரமா வைங்க. ‘நம்ம நேரம்’னு விட்டுட்டா, அதே ரிப்பேர் சீட்டை அடுத்தவருக்கும் முழு விலைக்கு விப்பாங்க.