தீக்குச்சியை விட்டுப்போன விஷம், கல்லீரலுக்கு வந்த வினை!

தீப்பெட்டியின் பக்கவாட்டில் உரசுகிற பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். அதற்குப் பொல்லாத அண்ணன் ஒன்று உண்டு: மஞ்சள் பாஸ்பரஸ். தொழிலாளர்களின் தாடை எலும்பையே அரித்ததால், அதை வைத்துத் தீக்குச்சி செய்ய இந்தியாவில் 1913-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தீக்குச்சியை விட்டுப்போன விஷம், எலி பேஸ்ட்டாக வீட்டுக்குள் வந்தது. பற்பசை என்று நினைத்து வாயில் வைத்துவிடுபவர்களும் உண்டு. 2022-ல் தமிழக அரசு இதற்குத் தடை அறிவித்தது. ஆனால், பரணில் கிடக்கும் பழைய குழாய்க்குத் தடை தெரியாதே!

இந்த விஷத்தின் சூழ்ச்சியே இரண்டாம் நாள்தான். முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி. அடுத்து ஓரிரு நாள் ஒன்றுமே இருக்காது. 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும்போது, உள்ளே கல்லீரல் செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருக்கும்.

கல்லீரல் லேசுப்பட்ட உறுப்பு அல்ல. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும், பத்து நாளுக்குள் பழைய எடைக்கு வந்துவிடுகிறது. இதை 1931-லேயே பதிவு செய்துவிட்டார்கள். வெட்டிய ஓரிரு மணி நேரத்தில், தூங்கிக்கொண்டிருந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. 'ஹெச்.ஜி.எஃப்.' போன்ற வளர்ச்சிக் காரணிகள் சுரந்து, மிச்சமுள்ள செல்களைப் 'பெருகு' என்று விரட்டுகின்றன.

அப்படியென்றால், திடீர் கல்லீரல் செயலிழப்பில் இந்தக் காரணி குறைந்துவிடுகிறதா? இல்லை, எக்கச்சக்கமாக ஏறுகிறது. 1980-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்ததே அத்தகைய நோயாளிகளின் பிளாஸ்மாவிலிருந்துதான். உரம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. முளைக்க விதைநெல்தான் இல்லை.

ஆகவே, மிஞ்சிய செல்களைக் காப்பாற்றி அவகாசம் வாங்கித் தருவதுதான் சிகிச்சை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதற்கு பிளாஸ்மா மாற்று முறையைப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு, நல்ல பிளாஸ்மாவை ஏற்றுவார்கள். அதற்கும் மசியாவிட்டால், மாற்று கல்லீரல்தான்.

பாலோ எண்ணெயோ புகட்டக் கூடாது. கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருக்க இது நேரமில்லை. வாந்தி நின்றாலும் உடனே 108-ஐ அழையுங்கள். குழாயையும் கையோடு எடுத்துப் போனால், என்ன விஷம் என்று தேடும் வேலை மருத்துவருக்கு மிச்சம். வீட்டில் யாராவது மனமொடிந்து இருந்தால், 104-ல் எந்நேரமும் பேசலாம்.