சேமித்து வைப்பதும் பதுக்கி வைப்பதும்

நமது பகுதியில் சில்லு என்றால் வாகனத்தின் சக்கரம். 2021இல் "சில்லுத் தட்டுப்பாட்டால் கார்த் தொழிற்சாலைகள் மூடப்படுகின்றன" என்று பத்திரிகைகள் எழுதியபோது, மாவடிப்பள்ளியில் பெரியவர் ஒருவர் "ஏன், றப்பர் இல்லையாமா?" என்று கேட்டார். பத்திரிகைகள் சொன்னதோ விரல் நகத்தளவு கூட இல்லாத சிலிக்கன் சில்லு. பிரேக், எஞ்சின், பற்றரி என எல்லாவற்றுக்கும் உத்தரவு கொடுக்கும் மூளை அது.

அந்தச் செய்தி பழையதாகிவிட்டது என்றே நானும் எண்ணியிருந்தேன். அண்மையில் இவ்வூர்ச் சகோதரர் ஒருவரைக் கண்டேன். பழைய ஜப்பான் ஹைபிரிட் கார் ஒன்றை ஹயருக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். கல்முனை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்வதுதான் அவருடைய முக்கிய வருமானம். கார் ஐந்து வாரமாக வாசலில் நிற்கிறது.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு காக்கா. கையளவு போர்ட் ஒன்றுதான் போயிற்று. புதுசு இப்ப வாறல்லயாம். ஒரு கடையில மட்டும் இருக்கு. அவர் சொல்ற விலைக்கு நான் காரையே வித்துப் போடலாம்" என்றார். மாதத் தவணை வேறு கழுத்தை நெரிக்கிறது.

இந்தக் கையளவு சாமான் ஏன் கிடைப்பதில்லை?

2020இன் தொடக்கத்தில் கொரோனா பரவியபோது, இனி யார் வாகனம் வாங்கப் போகிறார்கள் என்று கார் நிறுவனங்கள் சில்லுக் கட்டளைகளை ரத்துச் செய்தன. வீட்டிலிருந்தே வேலையும் படிப்பும் நடந்ததால் கணினிக்கும் தொலைபேசிக்கும் கேள்வி கூடியது. விட்ட இடத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் கார் வியாபாரம் எழும்பியபோது கார்க்காரர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஒரு சில்லைச் செய்து முடிக்க மூன்று மாதத்துக்கு மேல் செல்லும். அவசரப்படுத்தி வாங்க முடியாது. போதாக்குறைக்கு 2021 மார்ச் 19இல் ஜப்பானிலுள்ள ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா சில்லுத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் இந்தியாவின் மாருதி சுசுகி தனது ஹரியானா, குஜராத் தொழிற்சாலைகளில் வழமையான உற்பத்தியில் 40 வீதமளவே செய்ய முடியும் என அறிவித்தது. அவ்வாண்டில் உலகம் முழுவதும் 77 இலட்சம் வாகனங்கள் உற்பத்தியாகாமல் போகும் என்று அலிக்ஸ்பார்ட்னர்ஸ் ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது.

அந்தப் பஞ்சம் தணிந்தது. ஆனால் மாவடிப்பள்ளிக் காரை நிறுத்தி வைத்திருக்கும் நோய் வேறு. அது மெதுவானது. கார் 15, 20 வருடம் ஓடும். அதிலுள்ள சில்லோ அதற்கு முன்பே பழைய சரக்காகிவிடும். இலாபம் குறைந்தால் சில்லுக் கம்பனி, "இதை நிறுத்தப் போகிறோம், வேண்டியதைக் கடைசியாக இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சில மாத அவகாசம் கொடுத்து அறிவிக்கும். அடுத்த 15 வருடத்துக்கு எத்தனை வாகனம் பழுதாகும் என்று அதற்குள் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். கூட வாங்கினால் முதல் முடங்கும். குறைத்து வாங்கினால் எங்கோ ஒரு வாசலில் ஓர் ஏழையின் வாகனம் நிற்கும். வாங்கியதையும் சும்மா அடுக்கி வைக்க முடியாது. ஈரம் பட்டால் கால்கள் துருவேறும் என்பதால் காற்றுப் புகாத உறையில், சில வேளை நைதரசன் நிரப்பி வைக்கிறார்கள்.

இதைப் படித்தபோது யூசுப் (அலை) அவர்களின் ஆலோசனைதான் நினைவுக்கு வந்தது. ஏழு வருட விளைச்சலில் உண்பதற்கு வேண்டியது போக எஞ்சியதைக் கதிரோடு விட்டு வைக்கச் சொன்னார்கள். சேமிக்கச் சொன்னதோடு, கெடாமல் சேமிக்கும் வழியையும் காட்டினார்கள். நெற்செய்கை பார்க்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2011 நிலநடுக்கத்தில் இதே நாகா தொழிற்சாலை சேதமடைந்து மாதக் கணக்கில் நின்றது. அதில் பாடம் படித்த டொயோட்டா, தனக்கு உதிரிப்பாகம் தருவோர் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான சில்லுகளைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. 2021இன் முதற் பாதியில் மற்றவர்கள் திண்டாட அது ஓரளவு தாக்குப்பிடித்தது. தென்கிழக்காசியாவில் கொரோனா மீண்டும் பரவியபோது அந்தக் கையிருப்பும் போதாமல், செப்டெம்பர் உற்பத்தியை 40 வீதம் குறைக்க நேர்ந்தது வேறு கதை.

அதே ஆண்டில் இன்னொரு கூட்டமும் சில்லைச் சேர்த்து வைத்தது. சீனாவில் மூன்று விநியோக நிறுவனங்களுக்கு அரசு மொத்தம் 25 இலட்சம் யுவான் அபராதம் விதித்தது. 10 யுவானுக்கும் குறைவாக வாங்கிய சில்லை 400 யுவானுக்கு மேல் விற்றிருந்தார்கள்.

மக்களுக்குத் தேவையானதைத் தடுத்து வைத்து விலையேற்றுவதை இஹ்திகார் என்கிறோம். அவ்வாறு பதுக்குபவனைப் பாவி என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காணலாம். நமது ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இச்சட்டத்தை உணவுப் பொருளோடு மட்டுப்படுத்துவர். இமாம் அபூ யூஸுப் (ரஹ்) அவர்களோ, தடுத்து வைப்பதால் பொதுமக்களுக்குத் தீங்கு வரும் எந்தப் பொருளும் இதில் அடங்கும் என்றார்கள். ஹயர் வண்டியை நம்பி ஒரு வீட்டின் அடுப்பு எரியும் இந்தக் காலத்துக்கு அவருடைய கருத்தே பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

இலங்கையில் இதன் கனதி அதிகம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. இருந்த வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். பழைய போர்டுக்குப் பொன்விலை வந்தது. கழற்றியதைத் துடைத்துப் புதியதென்று விற்றவர்களும் இருந்தார்கள்.

மாவடிப்பள்ளிச் சகோதரரின் கார் இப்போது ஓடுகிறது. பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர், விபத்தில் நொறுங்கிய கார்களிலிருந்து கழற்றிய போர்டுகளை ஈரமெடுக்காமல் மூடிய பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். கடற்காற்று உப்பல்லவா! ஒவ்வொன்றிலும் எந்த வண்டியில், எந்தத் திகதியில் கழற்றியது என்று காகிதம் ஒட்டியிருக்கிறது. "இது பழசு தம்பி, எத்தனை நாளைக்கு ஓடும் என்று என்னால் சொல்ல ஏலாது" என்று முதலிலேயே சொல்லி, வாங்கிய விலையையும் காட்டி, அதன் மேல் தன் கூலியை மட்டும் எடுத்தாராம்.