வாளா? வார்த்தையா?

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் பட்டிமன்றம் ஒன்று நடந்தது. "இஸ்லாத்தின் பெயரால் நடைபெறும் தீவிரவாதத்தை ஒடுக்கச் சிறந்த வழி இராணுவமா, பேச்சுவார்த்தையா?" என்பது தலைப்பு. நான் 'இராணுவமே' என்ற அணியில் பேசினேன். எங்கள் அணியே வென்றது. ஆயினும் அதற்காக நான் படித்த செய்திகள் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தன. வென்ற பிறகு மனம் மாறியவளாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2014 ஏப்ரல் 14 இரவு. நைஜீரியாவின் வடகிழக்கே போர்னோ மாநிலத்தில் சிபோக் என்னும் ஊர். அங்குள்ள அரசினர் பெண்கள் பள்ளி விடுதியில், தேர்வு எழுத வந்திருந்த மாணவியர் தங்கியிருந்தனர். இராணுவ உடையில் வந்த போகோ ஹராம் தீவிரவாதிகள் 276 மாணவியரைக் கடத்திச் சென்றனர். 57 பேர் எப்படியோ தப்பினர். 219 பேர் சிக்கிக்கொண்டனர். அவர்கள் செய்த குற்றந்தான் என்ன? படிக்க வந்தது ஒன்றே!

இந்த இயக்கத்தினர் மசூதியில் தொழுதவர்களையும் விட்டுவைக்கவில்லை. இத்தகையோரிடம் என்ன பேச்சு என்று எங்கள் அணியில் கேட்டோம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. 2015-இல் நைஜீரியாவும் அண்டை நாடுகளும் படை நடத்திய பின்னரே அவர்கள் பிடித்துவைத்திருந்த பல ஊர்கள் மீட்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் சாம்பிசா காட்டிலிருந்து 200 சிறுமியரையும் 93 பெண்களையும் இராணுவம் மீட்டது. இதை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

ஆனால் அந்த 293 பேரில் சிபோக் மாணவி ஒருத்திகூட இல்லை. பின்னர் 2016 அக்டோபரில் 21 பேரும், 2017 மே மாதத்தில் 82 பேரும் வீடு திரும்பினர். அவர்களை மீட்டது துப்பாக்கி அன்று. செஞ்சிலுவைச் சங்கமும் சுவிட்சர்லாந்து அரசும் இடையில் நின்று நடத்திய பேச்சே அவர்களை மீட்டது.

படைபலம் சில வேளைகளில் பகையை வளர்த்தும் விடுகிறது. 2009-இல் அவ்வியக்கத்தின் தலைவர் முகமது யூசுப் பிடிபட்டார். நீதிமன்றத்தில் நிறுத்தப்பட வேண்டியவர் காவலில் இருக்கும்போதே கொல்லப்பட்டார். இயக்கம் ஒழிந்ததா? முன்னிலும் கொடியதாக எழுந்தது. 2017 ஜனவரியில் ரான் என்னுமிடத்தில் அகதிகள் முகாமின்மீது விமானப்படை தவறுதலாகக் குண்டு வீசியது. தீவிரவாதிகளுக்கு அஞ்சி ஓடிவந்த எளியோர் பலர் மாண்டனர்.

அப்படியானால் பேச்சு குறையற்றதா? இல்லை. 2017-இல் மாணவியருக்கு ஈடாகச் சிறையிலிருந்த தீவிரவாதிகள் விடுவிக்கப்பட்டனர். அவர்கள் மீண்டும் ஆயுதம் ஏந்தினால் யார் பொறுப்பு? 2018 பிப்ரவரியில் டாப்சி என்னும் ஊரில் 110 மாணவியர் கடத்தப்பட்டனர். ஒரு மாதத்தில் பேச்சின் பயனாகப் பெரும்பாலோர் திரும்பினர். ஐவர் மாண்டிருந்தனர். கிறிஸ்துவை மறுதலிக்க மறுத்த ஒரு மாணவியை மட்டும் அவர்கள் விடவில்லை. இதைப் படித்த அன்று என்னால் உறங்க முடியவில்லை. கடைசி ஒருத்தி வரும்வரை முடியாததே உண்மையான பேச்சுவார்த்தை என்று எனக்குத் தோன்றியது.

பொருட்பாலில் வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமும் படைமாட்சிக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளவில்லை. பள்ளிக்கு வெளியே காவல் நிற்கட்டும். அது இராணுவத்தின் கடமை. சிபோக்கில் அக்காவல் சரிவர இருந்திருந்தால் பேச்சுக்கே தேவை வந்திராது. ஆனால் நம் பிள்ளைகள் பகைவர் கையில் இருக்கும்போது குண்டு வீசினால் அது யார்மேல் விழும்? அங்கே வார்த்தையே முதலில் செல்லவேண்டும். இன்று பட்டிமன்றம் நடந்தால் இதையே பேசுவேன், தோற்றாலும் கவலையில்லை.

பத்தாண்டுகள் கடந்து 2024 வந்தபோதும் சிபோக் மாணவியரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. அவர்களும் நம்மைப் போலத் தேர்வுக்குப் படித்தவர்கள்தாமே! தோழியரே, புத்தகத்தைத் திறக்கும்போது ஒரு நொடியேனும் அவர்களுக்காகச் செபிப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி