ஒத்திகைக்கும் ஒரு டைம்டேபிள் வேண்டும்

நவம்பர் பிறந்துவிட்டால் மும்பையில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுதான்: ஆண்டு விழா. முன்பெல்லாம் ஒரு கோலாட்டம், ஒரு கோலி நடனம், பரிசளிப்பு என்று விழா முடிந்துவிடும். இப்போது பெரிய பள்ளிகளில் முழுநீள இசை நாடகம். ‘லயன் கிங்’, ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். இது வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் ஆட்சேபம் ஒத்திகை நேரத்தைப் பற்றியது.

என் பேத்தி தானேயில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மான் கூட்டத்தில் ஒரு மான். மேடையில் அவளுக்கு மூன்று நிமிஷம். அதற்கு செப்டம்பரிலிருந்து ஒத்திகை. பள்ளி இரண்டரைக்கு விடும், பஸ்ஸும் அப்போதே போய்விடும். ஒத்திகை முடிவது சில நாள் ஐந்தரை, சில நாள் ஆறேகால். யாராவது கேட்டில் நின்று அழைத்து வரவேண்டும். ஒத்திகை உண்டு என்ற தகவலோ முதல் நாள் இரவு பத்து மணிக்கு வாட்ஸப்பில் வரும். கூடவே, ‘பழுப்பு லெகிங்ஸ் அவசியம்’ என்று ஒரு வரி. இரவு பத்து மணிக்குப் பழுப்பு லெகிங்ஸுக்கு எங்கே போவது?

என் மகளுக்குக் கோட்டைப் பகுதியில் வங்கி வேலை. சி.எஸ்.எம்.டி.யில் ஃபாஸ்ட் லோக்கலைப் பிடித்தாலும் தானே வந்துசேர முக்கால் மணி ஆகும். (1853-ல் நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய அதே மார்க்கம்தான், தொங்கிக்கொண்டு வரும் கூட்டம்தான் புதிது.) மாப்பிள்ளைக்கு ஷிப்ட். நானும் என் மனைவியும் பக்கத்தில் இருப்பதால் வண்டி ஓடுகிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வாட்ஸப் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் தாய்மார்கள். அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் சம்பந்தம் உண்டென்று பள்ளிக்கும் தோன்றவில்லை, அப்பாக்களுக்கும் தோன்றவில்லை.

நான் தண்டவாளப் பராமரிப்பில் காலம் தள்ளியவன். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கை நீங்கள் எல்லோரும் திட்டியிருப்பீர்கள். ஆனால் அது இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இந்த ஸ்டேஷனிலிருந்து அந்த ஸ்டேஷன் வரை என்று முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். எங்களுக்கு நாலு மணி நேரம் லைனைக் கொடுத்தால், ஆளும் மிஷினும் சாமானும் அதற்கு முன்பே அங்கே தயாராக இருக்கவேண்டும். நாலு மணி நேரத்தில் லைனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தாண்டினால் ‘பிளாக் பர்ஸ்ட்’. விளக்கம் எழுதிக் கொடுத்தாகவேண்டும். பிறருடைய நேரத்தை எடுத்துக்கொள்பவனுக்கு இந்தக் கட்டுப்பாடு நியாயமானதுதான்.

ஆசிரியைகளை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களும் ஆறேகாலுக்குத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். வெளியிலிருந்து வரும் நடன மாஸ்டர் ஒரே சீசனில் நாலு பள்ளிகளுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் வரும் நேரம்தான் ஒத்திகை நேரம். டிரைவர் வருகிறபோது வண்டி புறப்படும் என்று நாங்கள் அறிவித்திருந்தால் பயணிகள் சும்மா விட்டிருப்பார்களா?

இதில் நஷ்டப்படுவது யார் என்று பாருங்கள். பேத்தியின் வகுப்பில் ஒரு பெண், நல்ல குரல். தொடக்கத்தில் அவளைக் கோரஸில் முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அவள் தாய் ஒரு நர்ஸ். பகல் டியூட்டி எட்டு மணிக்குத்தான் முடியும், வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை. இரண்டு நாள் கேட்டில் ஆள் இல்லாமல் நின்றாள். மூன்றாவது வாரம் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ‘அவளைக் கூட்டிப்போக யாரும் இல்லையே தாத்தா’ என்று பேத்தி சர்வ சாதாரணமாகச் சொன்னாள். ஆக, கோரஸுக்கு ஆள் எடுப்பது குரலைப் பார்த்து அல்ல. வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்களா என்று பார்த்துத்தான். பாடத் தெரியாத என் பேத்தி மேடையில், பாடத் தெரிந்த பெண் வீட்டில்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பாலர் நாடக சபை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பாடம் கேட்டவர்கள். பிள்ளைகள் சபையிலேயே தங்கியிருந்தார்கள், கேட்டில் காத்திருக்க வேண்டிய கஷ்டம் பெற்றோருக்கு இல்லை. (அந்தப் பிள்ளைகள் பட்ட கஷ்டம் வேறு கதை.) ஆனால் அவர்கள் சொந்தத் தொண்டையில் பாடினார்கள். இன்று பல பள்ளிகளில் பாட்டு ஸ்பீக்கரில் ஓடுகிறது, பிள்ளைகள் வாயசைக்கிறார்கள். வாயசைக்க மூன்று மாத ஒத்திகை எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

ஜூன் மாதம் கட்டணச் சீட்டு தரும்போதே ஒத்திகைத் தேதிகளையும் அச்சடித்துத் தரட்டும். ஆறு வாரம் போதும். எந்தக் காட்சியோ அந்தப் பிள்ளைகளை மட்டும் நிறுத்திக்கொள்ளட்டும். மான் வரும் காட்சிக்குச் சிங்கம் வேண்டுமானால் இருக்கலாம், யானைக்கு என்ன வேலை? ஒத்திகை நாட்களில் பஸ்ஸை இன்னொரு டிரிப் விடட்டும். உடைகளைப் பள்ளியே வாங்கி வைத்து ஆண்டுதோறும் பயன்படுத்தட்டும். பேத்தியின் மான் உடைக்கு 1,400 ரூபாய் ஆயிற்று, அடுத்த ஆண்டு அவள் மானாக இருக்கப்போவதில்லை.

பள்ளிகள் இதையெல்லாம் செய்ய நாளாகும். அதுவரை நம் சங்கத்தால் முடிந்த ஒன்று உண்டு. நம்மில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மாலையில் ஐந்து மணிக்கு டீயைக் குடித்துவிட்டு டி.வி. முன் உட்கார்பவர்கள். பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்துடன், பள்ளியில் பெயர் கொடுத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஒத்திகை முடிந்ததும் அழைத்து வரலாம். அந்த நர்ஸ் அம்மாவிடம் என் மனைவி பேசியிருக்கிறாள், அடுத்த ஆண்டுக்கு அவர் சரி என்று சொல்லிவிட்டார். தானே, முலுண்ட் பக்கத்து அன்பர்கள் விருப்பமிருந்தால் செயலாளரிடம் பெயர் தரலாம். என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.