சொன்ன இடத்தில், சொன்ன வேளையில்

ஆங்கில வகுப்பில் ஒரு நாள் பாடம் வாசித்துக்கொண்டிருந்த எங்களில் ஒருத்தி, ஒரு சொல்லின் முன் தயங்கி நின்றாள். பிறகு துணிந்து எழுத்துக் கூட்டி, "ரெண்டெஸ்வவுஸ்" என்று வாசித்தாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "அதை 'ராண்டேவூ' என்று சொல்ல வேண்டும், பிரெஞ்சுச் சொல்" என்று திருத்தினார். "சரி, சிரித்தவர்களில் யாராவது பொருள் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று அவர் கேட்டபோதுதான் எங்கள் சிரிப்பு அடங்கியது. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை! அன்று பிறந்த ஆவலின் பயனே இக்கட்டுரை.

இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் சந்திப்போம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் சந்திப்புக்கும், அந்த இடத்துக்கும் இச்சொல் பெயராகும். பிரெஞ்சு மொழியில் இது உண்மையில் ஒரு சொல் அன்று. ஒரு கட்டளை வாக்கியம். 'ராந்தே' என்பது 'கொடுங்கள்', 'வூ' என்பது 'உங்களை'. இரண்டும் சேர்ந்தால் 'நீங்கள் வந்து சேருங்கள்' என்று பொருள்படும். படைவீரர்களும் கப்பல்களும் வந்து கூடவேண்டிய இடத்தைக் குறிக்கவே இது முதலில் வழங்கியது. அப்பொருளிலேயே பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துள் நுழைந்தது. இன்று பிரான்சில் மருத்துவரிடம் நேரம் குறித்துக்கொள்வதற்கும் இதே சொல்தான்.

'உங்களைக் கொடுங்கள்' என்னும் அந்த அடிப்பொருள் எங்களை மிகவும் கவர்ந்தது. ஒருவரைச் சந்திக்க ஒப்புக்கொள்வது என்றால் என்ன? நம் நேரத்தில் ஒரு பகுதியை, நம்மில் ஒரு பகுதியை, அவருக்கு முன்னதாகவே கொடுத்துவிடுவது அன்றோ? கொடுத்த பொருளைத் திரும்பப் பிடுங்குவது எவ்வளவு இழிவோ, கொடுத்த நேரத்தைப் பறிப்பதும் அவ்வளவு இழிவே.

இப்படி ஒரு சொல் தமிழில் இல்லையா என்று எங்கள் தமிழம்மாவைக் கேட்டோம். "இல்லாமலா? 'குறி' என்று ஒன்று இருக்கிறதே!" என்றார். தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்துக்கொண்ட இடத்தைப் பகற்குறி, இரவுக்குறி என்று தொல்காப்பியமே வகுத்துப் பேசுகிறது. நெய்தல் நிலமாகிய கடற்கரையில் புன்னை மரத்தடியே பலவேளை குறியிடம் ஆகும். தலைவன் வந்ததை அறிவிக்க மரத்துப் பறவைகளை எழுப்புவான். சில நாள் அவன் வராமலே காற்றாலோ வேறு காரணத்தாலோ பறவைகள் ஒலி எழுப்பும். அவன்தான் என்று நம்பி ஓடிச்சென்று தலைவி ஏமாந்து திரும்புவாள். அதற்கு 'அல்லகுறி' என்று பெயர். தவறிப்போன சந்திப்புக்கென்றே தனிப்பெயர் வைத்த மொழி நம் மொழி! காத்திருந்து ஏமாறுபவரின் துயரத்தை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருக்க வேண்டும்!

நம் ராமநாதபுரம் கடற்கரையே குறித்த சந்திப்புகளால் பெயர்பெற்ற கரைதான். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையிலிருந்து புறப்பட்ட 'போட் மெயில்' ரயில் தனுஷ்கோடிக்கு வந்து சேரும். அங்கே கப்பல் காத்திருக்கும். கப்பல் சுமார் 30 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரை அடைந்தால், அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். ரயில், கப்பல், ரயில் என்று மூன்றும் ஒன்றுக்கொன்று வாக்குக் கொடுத்து ஓடின. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட ரயில் தன் ஊரைச் சேரவே இல்லை; பயணிகளோடு கடல் அதனைக் கொண்டுபோயிற்று. அந்த நிலையத்தில் எத்தனை பேர் எதிர்நோக்கி நின்றார்களோ! இன்றும் இடிந்த சுவர்களைப் பார்க்கும்போது, வராத ஒருவருக்காக ஓர் ஊரே நின்றுகொண்டிருப்பதுபோல் எங்களுக்குத் தோன்றுகிறது.

நிலத்திலும் நீரிலும் மட்டுமன்று, விண்ணிலும் இச்சொல் வழங்குகிறது. இரு விண்கலங்கள் ஒன்றையொன்று அணுகிச் சேர்வதை விஞ்ஞானிகள் 'ராண்டேவூ' என்றே சொல்கிறார்கள். 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய இருவரும் மேலெழுந்து வந்து, நிலவைச் சுற்றிக்கொண்டே காத்திருந்த மூன்றாமவரின் கலத்தைச் சரியாகச் சேர்ந்திராவிட்டால் அவர்கள் வீடு திரும்பியிருக்க முடியாது. நம் நாட்டின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2025 ஜனவரி 16 அன்று விண்ணில் ஒன்றாய் இணைந்தன. அதற்கு முன் அந்தச் சந்திப்பு இருமுறை தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்ததை நம் விஞ்ஞானிகள் மறைக்கவில்லை, வெளிப்படையாக அறிவித்தார்கள். குறித்தபடி வர இயலாவிட்டால் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும் என்னும் பண்பை அவர்களிடம் நாம் கற்கலாம் அல்லவா?

இனி, எங்கள் நெஞ்சுக்கு மிக நெருங்கிய சந்திப்புக்கு வருகிறோம். அதுவே கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. குடிதண்ணீர் இல்லாத, குடியிருப்பும் இல்லாத அந்தச் சிறு தீவில், ஆண்டுக்கொரு முறை பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் இரண்டு நாள் இரு கரையினரும் கூடுகின்றனர். ராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணம், நெடுந்தீவுப் பக்கங்களிலிருந்தும் படகுகள் வருகின்றன. சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, மறுநாள் திருப்பலி. முற்காலத்தில் பிரிந்த உறவினர் அங்கே கண்டு பேசினார்கள், பண்டங்களை மாற்றிக்கொண்டார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் தீவு இலங்கையைச் சேர்ந்தது. நம்மவர் கடவுச்சீட்டு இன்றி அங்கே சென்றுவரலாம் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. தீவு யாருக்கு உரியது என்னும் வழக்குக்குள் நாங்கள் புகவில்லை. எங்கள் கருத்து அந்தச் சந்திப்பைப் பற்றியதே. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் நம் பக்கத்துப் படகுகள் போகவில்லை. போர் முடிந்தபின், 2010இல் மீண்டும் போயின. நம் மீனவர் சிலர் சிறைவைக்கப்பட்ட வருத்தத்தில், 2024இல் ராமேஸ்வரம் மீனவர்கள் விழாவைப் புறக்கணித்தார்கள். அவர்கள் துயரம் நியாயமானது. கடலுக்குப் போன தந்தை விடிந்தும் கரை சேராத வீட்டில் எப்படி இருக்கும் என்பதை அறிந்த பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் உண்டு. அந்தக் காலைப்பொழுதில் வாசலில் கேட்கும் ஒவ்வொரு காலடியும் ஓர் அல்லகுறிதான்.

ஆனாலும் 2025 மார்ச்சில் படகுகள் மறுபடி புறப்பட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். இரு கரையினரும் முகம் பார்த்துப் பேசுவதற்கு ஆண்டில் இரண்டு நாளாவது வேண்டும். கோபம் இருக்கும்போதுதான் குறித்த சந்திப்புக்கு மதிப்பு அதிகம். கோபம் இல்லாதவர்களுக்கு நாள் குறிக்க வேண்டியதே இல்லையே! ஆகவே, எது நேர்ந்தாலும் அந்த இரண்டு நாளை இரு நாட்டாரும் விட்டுவிடலாகாது என்பதே எங்கள் உறுதியான எண்ணம்.

பெரிய சந்திப்புகளைப் பேசும் நாம், சிறிய சந்திப்புகளில் எப்படி இருக்கிறோம்? கைப்பேசி வந்தபின் வாக்கு மலிந்துவிட்டது. வீட்டில் தலை சீவிக்கொண்டே, "பஸ்ஸ்டாண்டு கிட்ட வந்துட்டேன்டி" என்கிறோம். ஆறு மணிக்குப் பாடல் பயிற்சி என்றால் ஆறரைக்கு வருகிறோம். முன்னதாக வந்தவள் வெயிலில் நிற்கிறாள். அவள் அரை மணியை எடுத்துக்கொண்டது நாம் அல்லவா? இதை எழுதும் எங்களுக்கும் இக்குற்றம் உண்டு என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

'ராண்டேவூ' என்னும் சொல்லை நாம் கடன் வாங்கவேண்டிய தேவையில்லை. நமக்குக் 'குறி' இருக்கிறது. அது அழகிய சொல். ஆனால் பிரெஞ்சுச் சொல்லின் உள்ளே இருக்கும் 'உங்களைக் கொடுங்கள்' என்னும் அறிவுரையை மட்டும் வாங்கிக்கொள்வோம். அதற்கு வட்டி கிடையாது! சொன்ன இடத்தில், சொன்ன வேளையில், சொன்னபடி வந்து நிற்போம். நம்மை நம்பிக் கரையில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதை என்றும் மறவாதிருப்போம்.